மலைச்சாலையில் ஓர் இடம்

கூரையிலிருந்து முதலில் விழுந்தது மண்வெட்டிதான். கீழே நின்ற தீரில் துள்ளி ஒதுங்கினாள். அவள் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே அது பனிக்குள் செருகிக்கொண்டு நின்றது.

"அப்பா! என் மண்டையைப் பிளந்திருப்பீங்க!"

விறகுக் கொட்டகையின் கூரையில் இடுப்பு உயரத்துக்குப் பனி ஏறிக் கிடந்தது. அடித்த காற்றில் கூரை எது, வானம் எது என்றே தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஏணியில் அப்பாவின் பூட்ஸ் தெரிந்தது. ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று இறங்கினார். தரைக்கு வந்ததும் பனியிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"கை வழுக்கிருச்சு," என்றார். "என்னடி பாக்குற? பேயையா பாத்த?"

தொப்பியைக் கழற்றினார். முடி நனைந்து தலையோடு ஒட்டியிருந்தது. மூச்சு விட்டால் மீசையில் உறைகிற அந்தக் குளிரில் அவர் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது.

"என்னப்பா பண்ணுது?"

"தோள்பட்டை பிடிச்சிருச்சு. ரெண்டு பக்கமும். கைக்கு இறங்குது. வேற ஒண்ணுமில்ல, பனி அள்ளுற வலி."

அந்த வாரம் ஊரில் தோள் வலிக்காத ஆளே கிடையாது. கடையிலும் பெட்ரோல் பங்கிலும் எல்லாரும் தோளைப் பிசைந்துகொண்டேதான் பேசினார்கள். அப்பா எஸ்பென் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். மூன்று நாளாய்ப் பள்ளிக்கூடம் இல்லை, பஸ் இல்லை. சும்மா இருக்கத் தெரியாத மனுஷன், தன் வீட்டுக் கூரை முடிந்து பக்கத்து வீட்டுக் கூரை, அது முடிந்து தேவாலயத்துக் கொட்டகை என்று ஏறி ஏறி அள்ளினார். அள்ளி முடிப்பதற்குள் முதல் கூரை மறுபடி நிறைந்துவிடும்.

வீட்டுக்குள் கரன்ட் இல்லை. அடுப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. அப்பா சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வாய் ஓரம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. தீரில் மாடிக்குப் போய், அவர் காதில் விழாதபடி கதவைச் சாத்திக்கொண்டு, அம்மாவைக் கூப்பிட்டாள்.

அம்மா யோருன் மலைக்கு அந்தப் பக்கம், டவுனில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். புயலில் மலைச்சாலை மூடியதிலிருந்து அங்கேயே தங்கல்.

"வேர்க்குதா?" அம்மாவின் குரல் மாறிவிட்டது. "எப்பிடி வேர்க்குது? குளுந்த வேர்வையா?"

"தெரியலம்மா. முடியெல்லாம் நனைஞ்சிருக்கு."

"எமர்ஜென்சிக்கு போன் பண்ணு. இப்பவே பண்ணு."

பின்னாலிருந்து ஒரு கை வந்து போனை வாங்கியது. அப்பா எப்போது மாடி ஏறினார் என்று தெரியவில்லை. ஏறிய களைப்பில் மூச்சு வாங்கியது. ஆனாலும் சிரித்தார்.

"யோருன், மூணு நாளா கூரை கூரையா ஏறினவனுக்குத் தோள் வலிக்காம காதா வலிக்கும்? இதுக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டா ஊரே என்னைப் பாத்து இளிக்கும். அதுவும் உன் பக்கத்துல இருந்துதான் வரணும். ஹெலிகாப்டர் இந்தக் காத்துல பறக்குமா? ... சரி. சரி, கத்தாத. நானே வர்றேன். பனி லாரிக்குப் பின்னால வரிசையா கான்வாய் விடுறாங்கல்ல, அதுல வந்து உன் டாக்டர்கிட்ட காட்டுறேன். போதுமா?"

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உங்கம்மாவுக்கு என்னைப் பாக்காம இருக்க முடியல, அதான் விஷயம்," என்றார். தீரிலுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில் பாதி பயம் போய்விட்டது.

காரைத் தோண்டி எடுத்தது தீரில்தான். பின்பக்கத்தில் சிவப்பு எல் போர்டு ஒட்டியிருந்தது. அதன் மேல் அப்பியிருந்த பனியைக் கையுறையால் வழித்துவிட்டாள். பதினேழு வயதில் அவள் வயசுப் பிள்ளைகள் எல்லாருடைய வண்டியிலும் அது உண்டு, பக்கத்து சீட்டில் அப்பாவோ அம்மாவோ உட்கார்ந்தால் ஓட்டலாம். அப்பா கையில் சாவியோடு வந்தார். டிரைவர் கதவு வரைக்கும் போனார். அங்கே நின்றார். பிறகு காரைச் சுற்றி வந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார்.

"நீ ஓட்டு. நல்ல பழக்கம்."

"இந்தப் புயல்லயா? மலை மேலயா?"

"பின்ன, ஜூலை மாசம் வெயில்லயா பழகுவ? ஏறு."

எஸ்பென் அடுத்தவர் ஓட்டும் வண்டியில் நிம்மதியாக உட்கார்ந்ததே இல்லை. அம்மா ஓட்டினால்கூட, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவார். அவர் சாவியைக் கொடுத்தபோது தீரிலுக்குப் போன பயம் திரும்பி வந்தது. கேட்கவில்லை. கேட்டால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது.

மலைச்சாலை ஆரம்பிக்கும் இடத்தில் கேட் மூடியிருந்தது. எட்டுப் பத்து வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தன. பனி ஒதுக்கும் லாரியின் டிரைவர் ஓட்வார் மஞ்சள் சட்டையோடு ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து, டேங்க் நிறைய இருக்கிறதா, போர்வை இருக்கிறதா, மண்வெட்டி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வந்தார். அப்பாவும் அவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

"டேய் எஸ்பென்! என்னடா, பிள்ளையை ஓட்ட வச்சிட்டு நீ மகாராஜா மாதிரி உக்காந்திருக்க?"

"தோள் பிடிச்சிருக்குடா."

"உனக்கு மட்டுமா? நேத்துலேருந்து என்னால சட்டை மாட்ட முடியல, பொண்டாட்டிதான் மாட்டி விடுறா. அதுலயும் ஒரு சுகம்." ஜன்னலில் சாய்ந்து சிரித்தார்.

"அவருக்கு வேர்த்துக் கொட்டுது," என்றாள் தீரில். அவளுக்கே கேட்காத குரலில் வந்தது. இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னாள். "ரொம்ப வேர்க்குது."

ஓட்வார் தலையை உள்ளே நீட்டிப் பார்த்தார். ஹீட்டர் முழு வேகத்தில் உறுமிக்கொண்டிருந்தது.

"இந்த உலைக்குள்ள உக்காந்தா எனக்கும்தான் வேர்க்கும். ரெண்டு ஸ்வெட்டர் வேற." அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தானடா இருக்க?"

"போய் வண்டியை எடுடா. உன் முகத்தைப் பாத்தாத்தான் எனக்கு மயக்கம் வருது."

ஓட்வார் சிரித்தார். போகிற போக்கில் கூரையைத் தட்டி, "தீரில், நீ முன்னாடி வா. எனக்கு நேர் பின்னாடி. என் ஆரஞ்சு விளக்கை மட்டும் விட்டுடாத. மீன் லாரியை உனக்குப் பின்னாடி விடுறேன், காத்தை அது வாங்கிக்கும்," என்றார்.

கேட் உயர்ந்தது.

மலை மேல் சாலை என்று ஒன்று இல்லவே இல்லை. முன்னால் ஒரு ஆரஞ்சு விளக்கு சுழல்வது மட்டும் தெரிந்தது. மற்றதெல்லாம் வெள்ளை. அந்த வெள்ளையும் ஒரு பக்கமாக ஓடிக்கொண்டிருந்ததால், வண்டி நேராகப் போகிறதா, பக்கவாட்டில் சறுக்குகிறதா என்றே பிடிபடவில்லை. காற்று ஒவ்வொரு முறை மோதும்போதும் யாரோ தோளால் இடிப்பது போல வண்டி நகர்ந்தது.

"பிரேக் மேல காலை வைக்காத."

"வைக்கல."

"வச்சிருக்க. எனக்குத் தெரியும். எடு."

எடுத்தாள்.

"ஸ்டியரிங்கைக் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்காத. அது என்ன தப்பு பண்ணுச்சு?"

"அப்பா, சும்மா வாங்க!"

"சும்மாத்தான் வர்றேன்."

ஒரு சின்ன குகைப்பாதை வந்தது. உள்ளே போனதும் காற்றுச் சத்தம் கத்தியால் வெட்டியதுபோல் நின்றது. அந்த அமைதியில் அப்பாவின் மூச்சு கேட்டது. அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். "கொக்கு மாதிரி கழுத்தை நீட்டி ஓட்டாதடி. சாஞ்சு உக்காரு," என்றார்.

சாய்ந்து உட்கார்ந்தாள். குகைப்பாதை முடிந்தது. மறுபடி வெள்ளை.

அதற்குப் பிறகு அவர் எதுவும் சொல்லவில்லை.

ஓட்டப் பழகும் முதல் நாளே சொல்லியிருந்தார்: நான் வாயை மூடிட்டு வந்தா நீ ஒழுங்கா ஓட்டுறன்னு அர்த்தம், பாராட்டுன்னு தனியா எதிர்பார்க்காத. ஒரு வருஷத்தில் அவர் சேர்ந்தாற்போல் வாயை மூடியது கடைக்குப் போகும் தூரத்துக்குக்கூட இல்லை. இன்றைக்கு, இந்தப் புயலில், மலை உச்சியில், ஒரு வார்த்தை இல்லை. ஒரு பெரிய காற்று வண்டியை ஓரத்துக்குத் தள்ளியபோது பதறாமல் மெதுவாகத் திருப்பிக் கொண்டுவந்தாள். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. தீரிலுக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. விளக்கிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. எடுத்திருந்தால் அவர் முகத்தைப் பார்த்துக் கெத்தாகச் சிரித்திருப்பாள். கண்ணோரத்தில் அவருடைய கம்பளித் தொப்பி ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்திருப்பது மட்டும் தெரிந்தது.

அந்தத் தைரியத்தில்தான் பேச ஆரம்பித்தாள்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது. படிப்பு முடிஞ்ச அன்னைக்கே ஊரை விட்டு ஓடிருவேன், ஓஸ்லோ போயிருவேன்னு தினம் சொல்றேன்ல? அது சும்மா. எனக்குப் போக பயமா இருக்கு. எல்லாரும் போறாங்க, நான் மட்டும் போகலன்னா சிரிப்பாங்கன்னு சொல்லிட்டிருக்கேன். ராத்திரி படுத்தா தூக்கமே வர்றதில்ல. தெரியாத ஊர்ல, ஒரு ரூம்ல, காய்ச்சல் வந்தா யாரு... நீங்க பஸ் எடுக்குற சத்தம் காலைல கேக்கணும் எனக்கு. அது கேட்டுட்டா மறுபடி தூங்கிருவேன். சிரிக்காதீங்க."

அவர் சிரிக்கவில்லை.

"அம்மாகிட்ட சொல்லிராதீங்க. நானே சொல்றேன்."

காற்று ஊளையிட்டது. ஆரஞ்சு விளக்கு ஒரு முறை மறைந்து மறுபடி வந்தது.

"அப்பா? ஏதாவது சொல்லுங்க."

திட்டக்கூட இல்லை. அப்போதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. திரும்பிப் பார்க்கப் பயந்தாள். அவரைப் பேசவைக்க ஒரு வழி அவளுக்குத் தெரியும். பனியில் பெரிய லைட்டைப் போட்டால் எதிரே சுவர் எழும்பியது போல் ஆகிவிடும், ஒன்றுமே தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன் அம்மா ஒரு முறை போட்டுவிட்டதற்கு அப்பா வீடு வந்து சேரும்வரை புலம்பினார். தப்பு என்று தெரிந்தே, தீரில் பெரிய லைட்டைப் போட்டாள்.

உலகம் முழுக்க வெள்ளையாய் எரிந்தது. ஆரஞ்சு விளக்கு காணாமல் போனது.

பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

லைட்டை அணைத்தாள். வண்டியை நிறுத்தினாள். கான்வாயில் நிறுத்தக் கூடாது என்று ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். நாலு பக்க விளக்கையும் போட்டு, ஹாரனில் உள்ளங்கையை வைத்து அழுத்தியபடியே திரும்பிப் பார்த்தாள். அப்பா வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் பார்க்க எதுவும் இல்லை.

எல் போர்டு வாங்குவதற்கு முன் வகுப்பில் ரப்பர் பொம்மையின் நெஞ்சை அழுத்தச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பொம்மைக்குப் பெயர் வைத்து எல்லாரும் சிரித்துக்கொண்டே அழுத்தினார்கள். சீட்டைப் பின்னால் சாய்த்து, அவர் மேல் ஏறி முழங்காலிட்டு, தீரில் அழுத்தினாள். சீட்டு மெத்து மெத்தென்று உள்ளே போனது. அவள் எண்ணினாள். எண்ணிக்கை தப்பியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

கதவு திறந்தது. மீன் லாரிக்காரர், பாஷை சரியாகத் தெரியாத வெளிநாட்டு ஆள், ஒரு மலை மாதிரி நின்றார். "நான்," என்றார், "நான், நான்." அப்பாவை அப்படியே அள்ளித் தூக்கி, லாரியின் மறைவில் தார்ப்பாயை விரித்துக் கிடத்தினார். கீழே தரை கெட்டியாக இருந்தது. அவர் கைகள் இறங்கியபோது அப்பாவின் நெஞ்சு நிஜமாகவே அமுங்கியது. பின்னால் இருந்த வண்டிகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். கான்வாயில் இறங்கவும் கூடாது. காற்றுக்கு முதுகைக் காட்டி, தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நின்றுகொண்டார்கள். அந்த மனிதச் சுவருக்கு உள்ளே மட்டும் பனி விழவில்லை. ஒரு பெண் தன் கோட்டைக் கழற்றித் தீரிலின் மேல் போட்டாள். மாற்றி மாற்றி அழுத்தினார்கள். தீரில் இடையில் புகுந்து அழுத்தினாள். யாரோ அவளை இழுத்தார்கள். மறுபடி புகுந்தாள்.

ஓட்வார் காற்றோடு மல்லுக்கட்டி ஓடி வந்தார். வரிசையை விலக்கிக் குனிந்தார். கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி, அப்பாவின் கழுத்தில் விரலை வைத்தார். வைத்தபடியே இருந்தார்.

"டேய்," என்றார். "டேய் எஸ்பென். டேய்."

பிறகு நிமிர்ந்து தீரிலைப் பார்த்தார். புருவமெல்லாம் பனி.

"சொன்னியேம்மா. வேர்க்குதுன்னு ரெண்டு வாட்டி சொன்னியே."

மலைக்கு அந்தப் பக்கத்துக் கேட்டில் ஆம்புலன்ஸ் நின்றது. அம்மா வேலைக்குப் போடும் நீலச் சட்டையோடு, மேலே கோட்டுகூட இல்லாமல் நின்றாள். ஓட்வார் லாரி ரேடியோவில் முன்னாலேயே சொல்லியிருந்தார் போல. அம்மா ஆம்புலன்ஸுக்குள் ஏறி, அப்பாவுடைய சட்டையின் மேல் பட்டனைப் போட்டுவிட்டாள். திறந்து கிடந்தது, குளிருமென்று.

மறுநாள் விடிந்தபோது புயல் ஓய்ந்திருந்தது. அடக்கத்துக்கு அப்பாவுக்குப் போட கருப்பு சூட் வீட்டில் இருந்தது. கரன்ட் இல்லாத வீட்டில் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும் என்ற கவலை வேறு. "போய்த்தானே ஆகணும்," என்றாள் அம்மா. அந்தக் காரையே எடுத்தாள். முன் சீட்டு இன்னும் பின்னால் சாய்ந்தபடியே இருந்தது. அதை நிமிர்த்த இருவருக்கும் கை வரவில்லை. தீரில் பின்னால், அம்மாவுக்கு நேர் பின்னே, ஒடுங்கி உட்கார்ந்துகொண்டாள்.

மலை மேல் வெயில் அடித்தது. நேற்று அவள் ஓட்டிக்கொண்டு வந்த பாதையை இன்றைக்குத்தான் பார்த்தாள். வலது பக்கம் உறைந்த ஏரி. அதற்கப்பால் நீலமாய்ச் சரிவுகள். சாலையின் இரண்டு பக்கமும் ஆளுயரப் பனிச்சுவர், ரொட்டியை வெட்டிய மாதிரி வழுவழுவென்று. எங்கேயும் ஒரு தடம் இல்லை. எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்தது.

"தீரில்."

"ம்."

"எந்த இடம்?" அம்மா கண்ணாடியில் அவளைப் பார்க்கவில்லை. சாலையைத்தான் பார்த்தாள். "அவர் போன இடம். எனக்குக் காட்டு."

தீரில் வெளியே பார்த்தாள். வண்டியை எங்கே நிறுத்தினாள் என்பதே தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அது வண்டி நின்ற இடம்தான். அவர் போன இடம் அதற்கு முன்னால், எங்கோ. குகைப்பாதை தாண்டி, காற்று தள்ளியபோதா, அதற்கும் முன்பா. அவள் நெஞ்சு விம்மிக்கொண்டு ஓட்டியபோதா. ஓஸ்லோவைப் பற்றிச் சொன்னபோது அவர் கேட்டுக்கொண்டு இருந்தாரா இல்லையா. இதையெல்லாம் அம்மாவிடம் எப்படிச் சொல்வது? எந்த வார்த்தையில் ஆரம்பித்தாலும் அந்த அமைதியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

அம்மா வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாள். காத்திருந்தாள்.

முன்னால் ஒரு வளைவுக்கு அருகே வெயில் நன்றாக விழுந்த ஒரு இடம் இருந்தது. அங்கிருந்து ஏரி முழுதாகத் தெரிந்தது.

"இங்கதான்," என்றாள் தீரில்.

"இங்கயா?"

"ம். இங்கதான்மா."

அம்மா வண்டியை நிறுத்தி நாலு பக்க விளக்கையும் போட்டாள். இறங்கி முன்னால் நடந்தாள். என்ன செய்வது என்று தெரியாமல், பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல, கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சாலை ஓரத்தில் நின்றாள். பிறகு மெதுவாக ஏரியின் பக்கம் திரும்பினாள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து பனி ஒதுக்கும் லாரி வந்தது. இரவில் காற்று இழுத்துப் போட்ட பனியைச் சாலையோடு வழித்துக்கொண்டு, ஓரத்தில் அலை அலையாய் எறிந்துகொண்டு வந்தது. ஓட்வார். நேற்றைய அந்த வெள்ளையிலும் வண்டி நின்ற இடம் எதுவென்று தெரிந்திருக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

லாரி வேகம் குறைந்தது. அம்மாவைப் பார்த்தார். காருக்குள் தீரிலைப் பார்த்தார். கையைத் தூக்கவில்லை, தலையை அசைக்கவில்லை. லாரிக்கு முன்னால் பனியை வழித்துக்கொண்டு வந்த அந்தப் பெரிய இரும்புத் தகடு மட்டும் தரையை விட்டு மெல்ல மேலே எழுந்தது. தகட்டைத் தூக்கிப் பிடித்தபடியே, ஒரு துளிப் பனிகூட அம்மா மேல் சிதறாமல், சத்தமில்லாமல் லாரி கடந்து போனது. காரைத் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் தகடு மறுபடி தரையில் இறங்கும் ஓசை கேட்டது.

அம்மா நின்ற இடத்துக்கு எதிரே, சாலையில், வழிக்கப்படாத பனி கொஞ்சம் அப்படியே கிடந்தது.